வளைவில் கிடந்த புளியமரம்

எங்கள் ஊரில் பொங்கலுக்கு மெதுவாக சைக்கிள் ஓட்டும் போட்டி நடக்கும். கால் ஊன்றாமல் கடைசியாக வருபவருக்குத்தான் பரிசு. வருடா வருடம் அது என் அண்ணனுக்குத்தான்.

ஒருநாள் பஞ்சாயத்து டிவியில் காட்டிய சைக்கிள் பந்தயத்தில் நெதர்லாந்து சாம்பியன் ஒருவன், எதிராளிக்குப் பின்னால் சைக்கிளை அசையாமல் நிறுத்திக்கொண்டிருந்தான். “நம்ம போட்டிதான் அங்கியும் நடக்குது” என்றான் அண்ணன். சொல்லி முடிப்பதற்குள் அந்த ஆள் பாய்ந்து முந்திவிட்டான். அன்று அண்ணன் சரியாகச் சாப்பிடவில்லை.

அடுத்த மாதம் இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் தொடங்கியது. தியாகதுருகம் சாலையில் பஸ் ஓடவில்லை. “ரோடு காலியாத்தான் கீது, அவன மாதிரி வுட்டுப் பாக்கறேன்” என்று அண்ணன் விடியற்காலையில் கிளம்பினான். முந்தின இரவு மறியலுக்காக வளைவில் வெட்டிப் போட்ட புளியமரம் அவனுக்குத் தெரியாது.

வெட்டியவர்கள் எங்கள் தெருக்காரர்கள்தான். அவர்களேதான் அவனைக் கட்டிலில் தூக்கி வந்தார்கள். பிறகு ஒரு வேனில் ஏற்றினார்கள். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் மரங்கள். ஒவ்வொன்றாக அவர்கள் இழுத்துப் போட்டு வேன் போய்ச் சேர்ந்தபோது அண்ணனுக்கு உயிர் இல்லை.

அந்தச் சாம்பியன் அதன் பிறகும் பல வருடம் ஜெயித்தான். டிவியில் அவன் முகம் வரும்போதெல்லாம் அம்மா வாய்க்கு வந்தபடி ஏசுவாள். மரம் வெட்டியவர்களை மட்டும் சாகும்வரை ஒரு வார்த்தை சொன்னதில்லை.