நடுவீட்டின் மாடிச் சுவர்

மரக்காணம் உப்பளத்தின் ஓரத்தில், யாரோ ஒரு துரை தன் ஊர்த் தெருவையே பெயர்த்துக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருந்தான். ஐந்து மாடி வீடுகள், தோளோடு தோள் ஒட்டி, ஐந்துக்கும் ஒரே முகம். வாசற்கதவின் மேல் விசிறி விரித்தாற்போல் அரைவட்டக் கண்ணாடி. மாடியில் ஆளுயரச் சன்னல்கள். துருவேறிய பூவேலைக் கம்பியோடு கையகலத்தில் ஒரு பால்கனி. சுண்ணாம்புப் பூச்சில் கோடு கிழித்துக் கருங்கல் கட்டடம் மாதிரி காட்டியிருந்தார்கள். வேஷமெல்லாம் முகத்தோடு சரி. பக்கவாட்டில் சன்னலே கிடையாது. இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரே சுவர்.

எழுபதுகளின் நடுவில், உப்பு ஆபீசில் வேலை பார்த்த அப்பாவுக்கு அந்த வரிசையின் நடுவீடு கிடைத்தது. மூன்று தம்பிகளின் கூச்சலுக்குள் எஸ்.எஸ்.எல்.சி.க்குப் படித்துக்கொண்டிருந்தேன். எனக்கு மாடியின் பின்னறை வேண்டும். அது காலியாகத்தான் கிடந்தது. ஆனால் சுவர் உதிரும். செங்கல்லுக்குள்ளிருந்து உப்பு பூக்கும். பக்கத்தில் வைத்த புத்தகம் மறுநாள் ஈரத்தில் நெளியும்.

"செவுரு காயட்டும்மா, ரூம் உனுக்குத்தான்" என்றார் அப்பா. சொல்லி ஒரு மழைக்காலம் போயிற்று.

நச்சரித்து நச்சரித்து ஒருவழியாகக் கொத்தனார் வந்தார். சுவரை விரலால் சுண்டிப் பார்த்தார்.

"சார், இது சுண்ணாம்புச் செவுரு. சுண்ணாம்பே பூசுனா மூச்சு வுடும். சிமெண்ட் போட்டா உள்ளயே வெச்சிக்கினு இருந்து ஒருநாள் துப்பிடும்."

"ஏம்பா, செவுரு இன்னா வெத்தல பாக்கா போட்டுக்கினு இருக்குது, துப்பறதுக்கு? சிமெண்ட்டே போடு."

குடிதண்ணீர் மாட்டுவண்டியில் பீப்பாயில் வரும் ஊர். ஒரு குடத்துக்கு அம்மா வண்டிக்காரனோடு மல்லுக்கு நிற்பாள். அதைக் கலவைக்கு யார் ஊற்றுவார்கள்? கொல்லைக் கிணற்றில் இறைத்து ஊற்றினோம். நானும்தான் இறைத்தேன், பாட்டுப் பாடிக்கொண்டு. பகலெல்லாம் பாத்தி பாத்தியாகக் குனிந்து, கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டு, தண்ணீரில் உப்பு எத்தனை டிகிரி என்று பார்க்கிற அப்பா, வீட்டு வாளியில் விரலைத் தோய்த்து நாக்கில் வைத்துப் பார்க்கவில்லை.

சுவர் வழுவழுவென்று நின்றது. மேசையை ஒட்டிப் போட்டேன். மூன்று வாரம் நான் மட்டும், என் மூச்சு மட்டும். நாலாவது வாரம் சுவரில் கொப்புளம் கிளம்பியது. ஒரு மத்தியானம், தட்டு அகலத்துக்கு ஒரு துண்டு பெயர்ந்து என் சரித்திர நோட்டின் மேல் விழுந்தது.

அப்பா அதை எடுத்து நுனிநாக்கில் வைத்தார்.

"கெணத்துத் தண்ணி" என்றார் மெதுவாக. உடனே, "இன்னொரு கோட்டிங் குடுத்தா நின்னுடும்."

"எந்தத் தண்ணியில?"

"வேற தண்ணி எங்க இருக்குது? அதுவரிக்கும் கீழயே படி."

அவ்வளவு ஆத்திரம் எனக்குள் எங்கே கிடந்ததோ. தேங்காய் வெட்டும் கத்தியை எடுத்துவந்து மிச்சமிருந்த சிமெண்ட்டைக் கொத்தித் தள்ளினேன். அந்தப் பக்கத்து வீட்டு அம்மா சுவரைத் தட்டினாள்.

"ஏண்டி, எங்க வூட்டுக்கே வந்துடப் போறியா?"

செங்கல் முழுக்கத் தெரியும்வரை நிறுத்தவில்லை. பிறகு மேசையை அறையின் நடுவுக்கு இழுத்துப் போட்டு, தலையிலும் இமையிலும் வெள்ளைத் தூள் விழ விழப் படித்தேன்.

அடுத்த வாரம் மறுபடி கொத்தனார் வந்தார். உள்தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டேன். அப்பா கதவைத் தட்டினார், மிரட்டினார், கடைசியில் கெஞ்சினார். உள்ளே நான் பக்கத்தைப் புரட்டினேன்.

"அவ தொறக்க மாட்டாப்பா" என்றார் அப்பா கொத்தனாரிடம். "நீ கெளம்பு."