திங்கட்கிழமைச் சாப்பாடு

தெற்கு ஃபிலடெல்ஃபியாவில் கடை வைத்திருந்த நுன்சியோ, பள்ளிக்கூடத்தில் மூன்று வருஷம்கூட முழுசாக உட்கார்ந்ததில்லை. பதினாறு வயதில் இத்தாலியிலிருந்து கப்பலில் வந்து இறங்கி, துறைமுகத்தில் இரும்பு சுமந்து, சொந்தக் கையால் கடை போட்டவர். படித்தவன் எவனாவது நீள ரொட்டியைக் கத்தியின் ஒரே இழுப்பில் பிளக்கட்டும், பார்க்கலாம். இவருக்குக் கண்ணை மூடிக்கொண்டே வரும். முதலில் எண்ணெய், அதன்மேல் சீஸ், பிறகு ஹாம், சலாமி என்று பன்றிக்கறித் துண்டுகள், கடைசியில்தான் வெங்காயமும் தக்காளியும். வரிசை மாறினால் ரொட்டி நமத்துவிடும்.

இப்படி அடைத்த ரொட்டிக்கு அந்த ஊரில் ஹோகி என்று பெயர். கப்பல் பட்டறை ஆட்களுக்கு அதை முதன்முதலில் கட்டிக்கொடுத்தது தானே என்பார் நுன்சியோ. அதே தெருவில் இன்னும் ஏழு கடைக்காரர்கள் அப்படியே சொன்னார்கள். ஏழு பேரும் பொய்யர்கள். நியூயார்க்கில் ஹீரோ, பாஸ்டன் பக்கம் சப். யார் என்ன பெயர் வைத்தாலும் அவருக்குக் கவலையில்லை. கிரைண்டர் என்று மட்டும் அவர் எதிரில் சொல்லிவிடக் கூடாது.

வடக்கே கடலோர ஊரான நியூ லண்டனில் அந்தப் பெயரில் விற்றவன் கூடப்பிறந்த தம்பி ஒரெஸ்தே. முன்பு அண்ணன் கடையிலேயே வேலை பார்த்தபோது, ஒரு குளிர்காலத்தில், அடுப்பில் சுட்டுக் கொடுத்தால் நன்றாகப் போகும் என்று அவன் சொன்னான். "செத்த ரொட்டியைத்தான்டா சுடுவாங்க" என்று வாடிக்கையாளர்கள் முன்னாலேயே அண்ணன் கத்தினார். தம்பி ஏப்ரனைக் கழற்றி வைத்துவிட்டுப் போனான். பத்தொன்பது வருஷம் ஆயிற்று.

ஞாயிறு மதியம் பிள்ளை குட்டிகளெல்லாம் சாப்பிடக் கூடும்போது நுன்சியோவின் பார்வை வாசலிலேயே இருக்கும்.

"இப்படிப் பாத்தா வந்துருவாரா? போய்க் கூப்பிடுங்களேன்" என்பாள் மனைவி அசுந்தா.

"நானா? போனவன்ல வரணும்."

"அப்போ சூப்பு ஆறுது, குடிங்க."

எழுபத்திரண்டாம் வயதில், ஒரு பிப்ரவரி வெள்ளிக்கிழமை, யாரிடமும் சொல்லாமல் அவர் ரயிலேறினார்.

தம்பியின் கடையில் வரிசையில் நின்றார். ஒரெஸ்தே தலை நிமிராமலே, "சூடா வேணுமா, சும்மாவா?" என்றான். பிறகு நிமிர்ந்தான். தலை முழுக்க வெளுத்திருந்தது.

"வழி தப்பி வந்துட்டீங்களா அண்ணே?"

"இந்தப் பக்கம் ஒரு ஜோலி."

"சுடாமத்தானே திம்பீங்க?"

நுன்சியோ அடுப்பைப் பார்த்தார். "சுட்டே குடு."

ரொட்டி மொறுமொறுவென்றிருந்தது, சீஸ் இழை இழையாக நீண்டது. உண்மையில் நன்றாகவே இருந்தது. அதை வாய்விட்டுச் சொல்லும் வழக்கம் அவருக்கு இல்லை.

"எண்ணெய் கொஞ்சம் கூடிப்போச்சு."

"அப்புறம் எதுக்கு விரலை நக்குறீங்க?"

நுன்சியோ விரலைத் துடைத்துக்கொண்டார். எந்தப் பேச்சுக்காக ஐந்து மணி நேரம் ரயிலில் வந்தாரோ, அது அப்போதுதான் வாயில் வந்தது. "ஞாயித்துக்கிழமை சாப்பிட வாடா."

"ஞாயிறுதான் இங்க வியாபாரமே. திங்கக்கிழமைதான் அடைப்பு."

"அப்ப நானும் திங்கக்கிழமை அடைக்கிறேன்."

ஒரெஸ்தே பலகையை வெகுநேரம் துடைத்தான். "பாக்கலாம் அண்ணே."

காய்ச்சலிலும் கடை திறந்த மனுஷன் அடுத்த வாரத்திலிருந்து திங்கட்கிழமை கதவைச் சாத்தினார். பக்கத்துக் கடைக்காரன் கேலி செய்தான்: "என்ன பெரியவரே, வியாபாரம் படுத்துருச்சா?"

"என் தம்பி வர்றான். உனக்கு அப்படி ஒருத்தன் இருக்கானா?"

பிள்ளைகள் வேலைக்கும் பேரன்கள் பள்ளிக்கும் போயிருப்பார்கள். வீட்டில் இரண்டே பேர். அடுப்பில் பத்துப் பேருக்கான குழம்பு. கடைசி ஆள் வந்தபிறகுதான் பாஸ்தாவைக் கொதிநீரில் போட வேண்டும் என்பது அவர்கள் வீட்டுச் சட்டம். முன்னால் போட்டால் குழைந்துவிடும். அதுவரை தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும்.

ஏழாவது திங்கட்கிழமையும், நியூ லண்டன் ரயில் வந்து ஒரு மணி நேரமாகியும் வாசலில் யாரும் இல்லை.

"தண்ணி வத்திருச்சு" என்றாள் அசுந்தா.

"இன்னும் கொஞ்சம் ஊத்து" என்றார் நுன்சியோ.