சின்னம்மாவின் ஆட்சேபணை

சின்னம்மா தன் சீதன உறுதிப் பத்திரத்தை விரித்து என் முன்னால் வைத்து, "வாசி தம்பி" என்றார். மடிப்புகளில் கிழிந்திருந்த தடித்த தாள். உரும்பிராயில் பதினைந்து வீடுகள் கொண்ட எங்கள் ஒழுங்கைச் சங்கத்துக்குத் தலைவர் தெரிவு நடந்த மறுநாள் காலை அது. நான்தான் காரியதரிசி. இருபத்திரண்டு வயது, ஆங்கிலத்தில் மனு எழுதத் தெரியும் என்ற மிதப்பு வேறு.

அந்த வருடம் ஒழுங்கைக்கு மின்சாரம் வரவிருந்தது. கம்பங்கள் வளைவு வரைக்கும் போதும் என்றார் தலைவர் பதவிக்கு நின்ற கடைக்கார முதலாளி. பதினைந்தாவது வீடு வரை போகவேண்டும் என்றார் அவரை எதிர்த்து நின்ற, வீதி வேலைகளை மேற்பார்க்கும் ஓவசியர். அந்தக் கடைசி வீடு சின்னம்மாவுடையது. அம்மாவின் தங்கை; கணவனை இழந்தபின் தையலில் சீவித்தவர். அரிக்கன் லாம்பு வெளிச்சத்தில் ஊசிக்கு நூல் கோக்க அவர் படும் பாடு எனக்குத் தெரியும். ஆனாலும் தெரிவில் அவர் உயர்த்திய கையை நான் எண்ணவில்லை. 'வீட்டுக்குச் சொந்தக்காரருக்கு ஒரு வாக்கு' என்பது நானே எழுதிய விதி. சொந்தக்காரர் என்றால் ஆம்பிளை என்றுதான் மற்றப் பதினான்கு வீட்டு ஆண்களும் நினைத்தார்கள்; நானும் நினைத்தேன். எட்டுக்கு ஆறு என்று முதலாளி வென்றார்.

உறுதியை வாசித்தேன். வீடு சின்னம்மாவின் பேரில்தான் இருந்தது.

"உங்கடை வீடு ஆரின்ரை பேரிலை? கொம்மாவின்ரை. முதலாளி இருக்கிற வீடு? மனிசியின்ரை சீதனம். அப்ப நேற்றுக் கை தூக்கின ஆருக்கடா சொந்த வீடு இருக்கு?"

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான் சீதனமாகப் போகும். விதி எழுதும்போது அது என் மண்டையில் உறைக்கவே இல்லை. வெட்கமாக இருந்தது.

ஆட்சேபணையை எழுத்தில் தந்தார். முதலாளி குதித்தார். அவருடைய ஆளான என் ஐயா என்னோடு கதைப்பதையே விட்டார். ஆனால் விதியை மறுக்க ஒருவராலும் முடியவில்லை. அடுத்த ஞாயிறு மறுதெரிவுக்குப் பதினைந்து பெண்கள் வாசிகசாலைக்கு வந்தார்கள். ஆண்கள் பின்சுவரோரம் நின்றார்கள். முதலாளிக்கு ஏழு கைகள் உயர்ந்தன. ஐயாவை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, எட்டாவது கையை அம்மா உயர்த்தினார். ஓவசியருக்குச் சின்னம்மாவோடு சேர்த்து ஏழு.

அம்மாவை நான் வெகுகாலம் மன்னிக்கவில்லை. கூட்டம் முடிந்து ஐயா இருக்கும் வீட்டுக்குத்தான் அவர் திரும்பவேண்டும் என்பது இப்போது விளங்குகிறது. அன்று விளங்கவில்லை.

கூட்டம் கலைந்ததும் சின்னம்மா என் மேசையடிக்கு வந்தார். நான் தலை நிமிரவில்லை.

"அக்காவின்ரை கையையும் எண்ணினனியே?"

"ஓம் சின்னம்மா."

"அப்ப சரி."

வெளியே காத்து நின்ற அம்மாவோடு சேர்ந்தே போனார். வளைவில் அம்மா எங்கள் படலையைத் திறந்துகொண்டு உள்ளே போக, சின்னம்மா மட்டும் தொடர்ந்து நடந்தார்.