அம்மாசி சாய்த்த ஐந்து மரங்கள்

வடக்கனந்தல் பக்கம் மரம் சாய்க்க வேண்டுமென்றால் அம்மாசியைத்தான் கூப்பிடுவார்கள். விழவேண்டிய இடத்தில் ஒரு குச்சியை நட்டுவிட்டு, மரத்தை அந்தக் குச்சியின் தலையிலேயே விழவைக்கிற ஆள். சொந்தமாக ஒரு சென்ட் நிலம் கிடையாது. ஆனால் கோடாலியைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் நடக்கிற நடையைப் பார்த்தால் ஊரையே பட்டா வாங்கிவிட்டவர் மாதிரி இருக்கும்.

மனைவி போய்ச்சேர்ந்த பிறகு அவருக்கென்று இருந்தவள் மகள் பூமாலை ஒருத்திதான். பள்ளிக்கூடத்தில் கபடி ஆட ஆரம்பித்தவள் மாவட்ட அணிவரைக்கும் போய்விட்டாள். அந்த வருஷம் மலேசியாவிலிருந்து பெண்கள் அணிக்கு அழைப்பு வந்தது. பத்து நாள் அங்கேயுள்ள குடும்பங்களோடு தங்கி, நம் கபடியை ஆடிக்காட்டி, அவர்கள் ஆட்டத்தைக் கற்றுக்கொண்டு வரவேண்டும்.

"பத்தாந்தேதி கள்ளக்குறிச்சியிலேர்ந்து வேன் கெளம்புது நைனா" என்று பூமாலை சொன்னபோது ஆடி மாதம் நடந்துகொண்டிருந்தது. அம்மாசி தலையாட்டினார். விதைப்பு, அறுப்பு, கல்யாணம், காதுகுத்து எல்லாமே அவருக்குத் தமிழ் மாதத்தில்தான். பத்தாந்தேதி என்றால் ஆவணி பத்து. ஆவணி பிறக்கவே இன்னும் நாள் கிடக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிட்டார். அவள் சொன்னதோ ஆகஸ்ட் பத்து. அதாவது ஆடி இருபத்தைந்து.

இடஒதுக்கீடு கேட்டு அடிக்கடி மறியல் நடந்த காலம் அது. ஆடி இருபத்துநாலாம் தேதி மத்தியானம், ஊரில் போராட்டத்தை நடத்திய சின்னராசு ரம்பத்தோடு எட்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தான்.

"நாளிக்கு மறியல்ணே. கள்ளக்குறிச்சி ரோட்டுல ஒரு வண்டி போவக்கூடாது. நீங்க நின்னு சாச்சிக் குடுக்கணும்."

அம்மாசி யோசிக்கவே இல்லை. இடஒதுக்கீடு கிடைத்தால் பூமாலைக்குப் போலீஸ் வேலை நிச்சயம் என்று எல்லாரும் சொல்லியிருந்தார்கள். அவளை நினைத்துக்கொண்டேதான் ஒவ்வொரு மரத்துக்கும் குறி வைத்தார். பொழுது சாய்வதற்குள் ஐந்து புளியமரங்கள் ரோட்டுக்குக் குறுக்கே படுத்துவிட்டன. ஆட்டுக்குட்டி நுழையக்கூட இடுக்கு இல்லை. சின்னராசு கையெடுத்துக் கும்பிட்டான்.

வீட்டுக்கு வந்தால் வாசலில் ஒரு பை கட்டித் தயாராக இருந்தது.

"இன்னாம்மா பை?"

"நாளிக்குத்தானே நைனா பத்தாந்தேதி? கள்ளக்குறிச்சிக்கு அந்தாண்ட பெரிய ரோட்ட போலீஸ் தொறந்துவுடுமாம். பத்து மணிக்கு மேல யாருக்காவவும் வேன் நிக்காதுன்னு எங்கள கூட்டிக்கினு போற கமலா டீச்சர் சொல்லிட்டாங்க. மறுநாள் காலையில பிளேன்."

அம்மாசிக்கு அப்போதுதான் தேதி உறைத்தது.

"ரோட்டுல மறியலாச்சேம்மா."

"ஆளுங்க குந்திக்கினு இருப்பாங்க. சைக்கிள்ல போனா வுட்டுடுவாங்க."

"ஆளுங்க இல்லம்மா, மரம். நான்தான் சாச்சேன்."

பூமாலை அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். திட்டியிருந்தால்கூட அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவள் உள்ளே போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

விடிந்ததும் இருவரும் சைக்கிளோடு கிளம்பினார்கள். முதல் மரத்தில் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு கிளைகளுக்குள் புகுந்து மறுபக்கம் வருவதற்குள் அம்மாசிக்கு மூச்சு வாங்கிவிட்டது. இவ்வளவு ஒழுங்காக வேலை செய்து தொலைத்திருக்க வேண்டாம் என்று தன்னையே நொந்துகொண்டார். மூன்றாவது மரத்தருகே சின்னராசு மறித்தான்.

"சைக்கிளும் வண்டிதாண்ணே. கோயிலுக்குப் போனவங்களயே திருப்பி அனுப்பிட்டோம். உங்களுக்கு வுட்டா எல்லாருக்கும் வுடணும்."

"வண்டிய நீயே வெச்சிக்க. நடந்து போறதுக்கு இன்னா தடை?"

சின்னராசு வழிவிட்டு ஒதுங்கினான். சைக்கிளை அங்கேயே சாய்த்துவிட்டு அப்பனும் மகளும் ஓட்டமும் நடையுமாகப் போனார்கள். ஐந்தாவது மரத்தைத் தாண்டும்போது அம்மாசியின் கால் இரண்டு கிளைகளுக்கு நடுவே சிக்கிப் பிசகிக்கொண்டது. எழுந்து நின்று பார்த்தார்; முடியவில்லை. கள்ளக்குறிச்சி இன்னும் தூரம் இருந்தது.

"நீ ஓடும்மா."

"உன்ன இப்படியே வுட்டுட்டா?"

"கோட்டத் தாண்டிப் போயி நாலு பேரத் தொட்டுட்டு வர்றவளுக்கு இது ஒரு தூரமா? கபடி பாடிக்கினே ஓடு!"

பையைத் தலையில் வைத்துக்கொண்டு பூமாலை ஓடினாள். தான் வெட்டிய மரத்தின் மேலேயே உட்கார்ந்து, அவள் கண்ணுக்கு மறைகிறவரைக்கும் பார்த்துக்கொண்டிருந்த அம்மாசி, பிறகு வாய்விட்டு அழுதார்.

வேன் போய்விட்டது என்று அன்று சாயங்காலம் சேதி வந்தது. அதில் பூமாலை இருந்தாளா என்று சொல்ல ஆளில்லை. மூன்று நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை. நாலாம் நாள், பிளேன் ஏறுவதற்கு முன்னால் அவள் போட்ட கார்டு வந்தது. தபால்காரரே படித்துக் காட்டினார். 'வேன் நகர ஆரம்பித்துவிட்டது நைனா. பின்னாலேயே ஓடித் தட்டினேன். ஏறிவிட்டேன். கால் எப்படி இருக்கிறது?' அம்மாசி அதை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்.

இரண்டு மாதம் கழித்து மறுபடியும் மறியல். சின்னராசு தயங்கித் தயங்கி வந்து கூப்பிட்டான். அம்மாசி மறுக்கவில்லை, கோடாலியை எடுத்துக்கொண்டு போனார். மரம் சாய்ந்தது. சின்னராசு சுற்றிப் பார்த்துவிட்டுத் திகைத்தான். மரத்தின் நுனிக்கும் எதிர் ரோட்டோரத்துக்கும் நடுவே ஒரு ஆள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிற அளவுக்கு இடம் விட்டிருந்தது.

"இன்னாண்ணே, குறி தப்பிடுச்சா?"

"எனக்கா தப்பும்? எந்த வூட்டுப் பொண்ணுக்கு இன்னிக்குப் பத்தாந்தேதியோ, உனக்குத் தெரியுமா?" என்று கேட்டுவிட்டு, அம்மாசி அடுத்த மரத்துக்குக் குச்சி நடப் போனார்.