அரங்கில் கழுவிய படம்

சீசன் தொடங்கிய முதல் ஞாயிறன்று ஐந்தருவியில் குளித்துவிட்டு ஈரத் துண்டுடன் நான் பாதைக்கு வந்தபோது, எங்கள் பள்ளி ஊழியர் ஒருவர் சாரலில் சைக்கிளைப் பிடித்தபடி நின்றிருந்தார். "இங்கன இருப்பீகன்னு உங்க வீட்ல சொன்னாக சார். வடிவு டீச்சர் தவறிட்டாக. காப்பி ஆத்திக்கிட்டு இருக்கையிலேயே சாஞ்சிட்டாகளாம்" என்றார். ஈரத் துண்டோடேயே தென்காசிக்குப் பேருந்து ஏறினேன்.

எங்கள் பள்ளியில் பூகோளம் கற்பித்த சண்முகவடிவு அவர்களை, இந்த மலரை வாசிக்கும் பழைய மாணவர்கள் அனைவரும் அறிவீர்கள். நதியை மேட்டை நோக்கி ஓடவிட்டு வரைந்தவர்கள் அவரிடம் குட்டும் வாங்கியிருப்பீர்கள். அவர் புகைப்படக் கலையைப் பயின்றவர் என்பது உங்களில் சிலருக்கே தெரியும். அவர் பயின்ற விதம் எனக்கும் அவருடைய கணவருக்கும் மட்டுமே முழுதாகத் தெரியும். அதை எழுதிவைப்பது என் கடமை.

ஐம்பதுகளின் பிற்பகுதியில் ஒரு நாள் மதிய இடைவேளையில் நான் பாடம் நடத்திய ரசாயனக் கூடத்துக்கு அவர் வந்தார். அவர் தெருவில் வசித்த ஆயிஷா என்ற பெண்ணின் கணவர் கொழும்பில் துணிக்கடை நடத்திவந்தார். பக்கவாதம் வந்து படுக்கையில் விழுந்துவிட்டார். அங்கே அவரைக் கவனிக்க ஆளில்லை. ஆயிஷா போகவேண்டுமானால் பாஸ்போர்ட் வேண்டும். பாஸ்போர்ட்டுக்கு முகம் தெரியும் படம் வேண்டும். மாமியார் செய்யதும்மாள் ஒரே நிபந்தனை விதித்திருந்தார். வெளியூர் அதிகாரி பார்ப்பது சர்க்கார் காரியம், அதற்குத் தடையில்லை. உள்ளூர் ஆண் எவனும் அந்தப் படத்தைப் பார்க்கக் கூடாது. எங்கள் ஊரில் படம் எடுப்பவர்களும் ஆண்கள், கழுவுபவர்களும் ஆண்கள்.

"சார், நீங்க காலேஜ்ல படிக்கையில போட்டோ கழுவுனதாச் சொன்னீகள்லா? எனக்குச் சொல்லித் தாங்க. ஆனா அந்தப் புள்ள படத்த நீங்க பாக்கப்படாது" என்றார்.

"பார்க்காமல் எப்படி டீச்சர் சொல்லித் தருவது?"

"நான் சகாராவப் போய்ப் பாத்துட்டா வந்து சொல்லிக் குடுக்கேன்?"

அன்று மாலையே என் மடிப்புக் கேமராவை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குச் சென்றேன்.

அவருடைய கணவர் ஆறுமுகம் அண்ணாச்சி தென்காசி ரயில் நிலையத்தில் பார்சல் குமாஸ்தா. அவர்கள் வீட்டில் அரங்கு எனப்படும் ஜன்னலில்லாத உள்ளறை ஒன்று இருந்தது. அரிசி மூட்டைகளை வெளியேற்றி, நாங்கள் வாங்கிய பிலிமைப் பாதிக்காத சிவப்பு பல்பு ஒன்றை மாட்டி, அதை இருட்டறையாக்கினோம். முதல் படங்களுக்கு அண்ணாச்சியே உட்கார்ந்தார். தூரம், துவாரத்தின் அளவு, மூடி திறக்கும் நேரம் என்ற மூன்றையும் ஒன்றோடொன்று பொருத்தும் முறையை டீச்சர் விரைவில் பிடித்துக்கொண்டார். அண்ணாச்சியின் நெகட்டிவ்களை நான் பார்க்கலாம், அதில் தடையில்லை. கறுப்பும் வெளுப்பும் இடம் மாறியிருந்த தம் முகத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "ஏட்டி வடிவு, இதுலதான் நான் செவப்பா இருக்கேன். இதயே மாட்டி வை."

ஆனால் உண்மையான பயிற்சி கதவைச் சாத்திய பிறகுதான் தொடங்கியது. டீச்சர் உள்ளே தனியாக நின்று பழகவேண்டும். நானும் அண்ணாச்சியும் வெளியே நாற்காலியில் இருப்போம். நான் கடிகாரத்தைப் பார்த்து நிமிடங்களைச் சொல்வேன். அவர் பிலிமின் இரு முனைகளையும் பிடித்து, படத்தை வரவழைக்கும் டெவலப்பர் கரைசல் ஊற்றிய தட்டில் ஏற்றி இறக்குவார். பிறகு தண்ணீர், பிறகு படத்தை நிலைநிறுத்தும் ஹைப்போ. "அது எங்க வீட்டு அரங்கு சார். என்னையே உள்ள விட மாட்டேங்கா" என்று அண்ணாச்சி என்னிடம் புகார் செய்வார். "நீங்க உள்ள வந்தா அரிசியத் தேடுவீக, பிலிம்ல வெளிச்சம் பட்டுரும்" என்று உள்ளிருந்து பதில் வரும்.

ஆயிஷாவின் நெகட்டிவின் அடர்த்தியை நான் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது என்பதால், அதற்கும் ஒரு விதி சொல்லிக்கொடுத்தேன். உலர்ந்த நெகட்டிவை அச்செழுத்தின் மேல் வைக்கவேண்டும். அதன் மிகக் கறுத்த பகுதியின் வழியாகவும் எழுத்து மங்கலாகப் புலப்பட்டால் சரி. புலப்படாவிட்டால் நேரம் மிகுந்துவிட்டது. பளிச்சென்று தெரிந்தால் நேரம் போதவில்லை. இந்த விதியை அவர் பூகோளப் பாடநூலின் ஒரு பக்கத்தைக் கொண்டே சோதித்துத் தேறினார்.

கை நன்றாகப் பழகியபின், சித்திரையில் ஆயிஷாவை உட்காரவைத்துப் படம் எடுத்தார். அன்று நானும் அண்ணாச்சியும் தெருவில் நின்றோம். ஆயிஷா வீட்டுக்குப் போனபிறகு டீச்சர் எங்களை உள்ளே அழைத்தார், கதவு சாத்தப்பட்டது, நான் நேரம் சொல்லத் தொடங்கினேன். "வருது சார்… பல்லெல்லாம் கறுப்பா, முடியெல்லாம் நரைச்ச மாதிரி, நல்லா வருது" என்று குரல் கேட்டது. ஹைப்போவிலிருந்து எடுத்துத் தண்ணீரில் அலசும் ஓசை கேட்டது. பிறகு, "சார், முகம் வழிஞ்சு போகுது" என்றார்.

நாங்கள் பழகியது மார்கழிக் குளிரில். சித்திரையிலோ தொட்டித் தண்ணீரே வெந்நீர். பிலிமின் மேல் பூசிய ஜெலட்டின் சூட்டில் இளகி, படத்தோடு கழன்றுவிட்டது. வெளியே அமர்ந்து அதை விளக்க மட்டுமே என்னால் முடிந்தது.

மறுநாள் டீச்சர் அந்த வெற்றுச் சுருளை எடுத்துக்கொண்டு செய்யதும்மாளிடம் போனார். நடந்ததைப் பின்னர் அவரே எனக்குச் சொன்னார். "ஆண்டவனுக்கே இது பிடிக்கல டீச்சர். விட்டுருங்க" என்றாராம் அந்த அம்மாள்.

"எனக்கு வெக்கை தெரியலம்மா, அதுக்கு ஆண்டவன் என்ன செய்வான்? இந்தாங்க, இதுல ஒண்ணுமில்லன்னு நீங்களே பாத்துக்கிடுங்க. இன்னொரு தடவ அனுப்புங்க. நீங்களும் கூட வாங்க. எங்கூட உள்ளேயே இருங்க."

அவர் எதையும் மறைக்காமல் தோல்வியைக் கையில் கொடுத்ததால்தான் செய்யதும்மாள் இணங்கியிருக்கவேண்டும் என்று நான் கருதுகிறேன். அவர் மகனின் உடல்நிலை பற்றிக் கொழும்பிலிருந்து வந்த செய்திகளும் நன்றாக இல்லை.

இம்முறை தண்ணீரைக் குளிரவைக்கவேண்டும். ஐஸுக்கு எங்கே போவது? கொல்லத்திலிருந்து செங்கோட்டை வழியாக வரும் ரயிலில் மீன் பெட்டிகள் இறங்கும். அவற்றில்தான் ஐஸ் இருந்தது. மீன் வியாபாரியிடம் ஒரு சாக்கு நிறைய வாங்கிக்கொண்டு அண்ணாச்சி வந்து சேர்ந்தார். "ஏழு தலைமுறையா சைவம் சார். இன்னைக்கு நெத்திலி நாத்தத்த நானே தோள்ல சுமந்துட்டு வாரேன். எதுத்த வீட்டு ஆச்சி மூக்கப் பிடிச்சிக்கிட்டுப் பாக்கா." பெரிய அண்டாவில் ஐஸைக் கொட்டி, அதற்குள் கரைசல் பாத்திரங்களை இறக்கி, பள்ளியின் வெப்பமானி நான் சொன்ன அளவைக் காட்டும்வரை டீச்சர் பொறுத்திருந்தார்.

கதவு சாத்தப்பட்டது. உள்ளே, ஆயிஷாவை மறுபடி எடுத்த பிலிமோடு டீச்சரும் செய்யதும்மாளும். வெளியே நாங்கள் இருவர். நான் நேரம் சொன்னேன். திடீரென்று செய்யதும்மாளின் குரல் கேட்டது: "யா அல்லா! புள்ள வருதாளே! டீச்சர், இந்தா, கண்ணு வந்துட்டு!"

"கையத் தண்ணிக்குள்ள விடாதீக!" என்று டீச்சர் அதட்டினார். அண்ணாச்சி என் கையைப் பிடித்துக்கொண்டார். இம்முறை எதுவும் வழியவில்லை; நெகட்டிவிலிருந்து தாளில் படம் அச்சிடுவதையும் நான் சொன்ன முறைப்படி டீச்சரே அந்த அரங்கில் முடித்தார்.

இன்னும் ஒரு தடை இருந்தது. படத்தின் பின்புறம், அது இன்னாருடைய படம்தான் என்று ஓர் அரசு அதிகாரி சான்று எழுதிக் கையொப்பமிடவேண்டும். எங்களுக்குத் தெரிந்த அதிகாரிகள் அனைவரும் உள்ளூர் ஆண்கள். விதிக்கு விலக்குக் கேட்டு விண்ணப்பம் எழுதலாம் என்றேன். டீச்சர் விதியை வாங்கி வாசித்தார். "அதிகாரின்னுதான சார் போட்டிருக்கு? ஆம்பளன்னு எங்க போட்டிருக்கு?" என்று கேட்டுவிட்டு, அரசு மருத்துவமனைக்கு மாற்றலாகி வந்திருந்த பெண் மருத்துவரிடம் ஆயிஷாவை அழைத்துச் சென்றார். விதிகளைக் கவனமாகப் படிப்பவன் என்று பெயரெடுத்தவன் நான். ஆனால் விதி எவ்வளவு இடம் தருகிறது என்று பார்க்க, வேறொருவருக்காகப் படிக்கவேண்டும் என்பதை அன்று அவரிடம் கற்றேன்.

ஆயிஷா கொழும்புக்குப் போய்ச் சேர்ந்தார். அதன்பின் வேறு பெண்களும் வரத் தொடங்கினர். படத்தோடு நெகட்டிவையும் அவரவர் கையிலேயே கொடுத்துவிடுவது டீச்சரின் வழக்கம். நெகட்டிவ் எடுத்தவருக்கே உரியது என்பது தொழில் மரபு என்று நான் ஒருமுறை எடுத்துக்காட்டினேன். "மூஞ்சி அவுகளோடது சார். நான் கழுவித்தான குடுத்தேன்?" என்றார்.

இதனால் ஒரு விசித்திரம் நேர்ந்தது. நான் கற்பித்தவற்றுள் மிக நன்றாகப் பயிலப்பட்டது இதுவே என்று நம்பினேன். ஆனால் அண்ணாச்சியின் முகம் தவிர, அந்தப் பயிற்சியின் விளைவை ஒருநாளும் பார்த்ததில்லை. மதிப்பெண் போட விடைத்தாள் இல்லாத ஒரே மாணவி அவர்.

டீச்சரின் இறுதிச் சடங்கு முடிந்து திரும்பியபின், அந்த வீட்டு வாசலில் நான் நின்றுகொண்டிருந்தேன். வெள்ளைத் துப்பட்டியால் முக்காடிட்ட மூதாட்டி ஒருவர், அண்ணாச்சியிடம் துக்கம் விசாரித்துவிட்டு என் அருகே வந்து, முகத்தைத் திருப்பியபடி நின்றார்.

"கதவுக்கு வெளிய இருந்து மணி சொன்ன வாத்தியார் நீங்கதான?"

செய்யதும்மாள் என்று குரலால் அறிந்தேன். ஆம் என்றேன்.

"அந்தப் படத்துல எம் மருமவ, வீட்ல நான் பாக்க மாதிரியே இருந்தா. டீச்சர் ஒண்ணும் கூட்டல, கொறைக்கல."

அவ்வளவே சொல்லிவிட்டுச் சாரலில் இறங்கி நடந்தார். சண்முகவடிவு டீச்சர் எடுத்த படம் எதுவும் என்னிடம் இல்லை. அந்தப் படத்தைப் பார்த்தவர் சொன்ன இந்தச் சொற்களையே நான் வைத்திருக்கிறேன்.