விண்ணப்பத்தில் எழுதிய ஊர்

என் மகளைப் பெரிய பல்கலைக்கழகத்தின் பிரதான வளாகத்துக்கு அனுப்பியவன் நான்தான். பரீட்சை எழுதியது அவள், அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த இடம் கைநழுவப் பார்த்ததும் என்னால்தான், திரும்பக் கிடைத்ததும் என்னால்தான். ஆகவே கதையைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து முஸ்லிம்களான எங்களைப் புலிகள் வெளியேற்றியபோது, உடுத்த சாரத்தோடு வள்ளத்தில் வந்து கற்பிட்டிக் கரையில் இறங்கினேன். குறிஞ்சிப்பிட்டி வெங்காயத் தோட்டங்களில் கூலி வேலை செய்தேன். பிறகு ஓர் அச்சுப் பெட்டியை இரவல் வாங்கி, சீமெந்தும் மணலும் குழைத்துக் கட்டடக் கல் அரியத் தொடங்கினேன். இன்று புத்தளத்திலிருந்து நுரைச்சோலை வரை என் கல் இல்லாத தெரு ஒன்றைக் காட்டுங்கள், அந்தத் தெருவுக்கே சும்மா மதில் கட்டித் தருகிறேன்.

ஆனால் யார் ஊர் கேட்டாலும் மன்னார் என்றுதான் சொல்வேன். வாக்காளர் இடாப்பிலும் என் பெயர் அங்கேதான் இருந்தது. எங்கள் ஆட்களில் அநேகர் அப்படித்தான்: இருப்பு இங்கே, பதிவு அங்கே. பதிவை எடுத்தால் ஊர் போய்விடும் என்று பயம். யுத்தம் முடிந்ததும் பழைய வளவில் வளர்ந்திருந்த காட்டை வெட்டி ஓர் அறை கட்டினேன். வருடத்தில் நாலு நாள் அதில் படுத்து எழும்பி வருவேன்.

மகளுக்கு உயர்தரத்தில் நல்ல பெறுபேறு வந்தது. பல்கலைக்கழக விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டு போனவள் ஓர் இடத்தில் நிறுத்தினாள்.

"வாப்பா, நிரந்தர விலாசம் கேக்குறாங்க. புத்தளம்தானே?"

"நிரந்தரம் எண்டா என்ன மகள்? மன்னார் எண்டு எழுது."

"நான் பொறந்தது, படிச்சது எல்லாம் இங்க. பொறகு பிரச்சின வரும்."

"என்ட பேர் எங்க பதிஞ்சிருக்கோ அதுதான் எங்கட ஊர். நீ எழுது."

எழுதினாள். பேனையை மூடிய விதத்திலேயே அவளுக்குச் சம்மதமில்லை என்று தெரிந்தது.

கொஞ்ச நாளில் கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. மாவட்டத்துக்கு இத்தனை பேர் என்றுதான் இடம் பிரிக்கிறார்கள். இவள் படித்தது ஒரு மாவட்டம், எழுதிய விலாசம் இன்னொரு மாவட்டம். புத்தளத்தில் வசிக்கிறோம் என்று கிராம சேவகரின் உறுதிக் கடிதத்தை இரண்டு கிழமைக்குள் அனுப்பாவிட்டால் விண்ணப்பத்தைப் பார்க்க மாட்டார்களாம். மகள் அதை வாசித்துக் காட்டிவிட்டு மடித்து என் கையில் தந்தாள். ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். அந்தக் குறையை என் மனைவி தீர்த்துவைத்தாள்.

"பெரிய மன்னார் ராசா! புள்ளட படிப்பையும் கொண்டு போய் அந்த அறைக்குள்ள வெச்சுப் பூட்டுங்க."

அடுத்த நாள் மகளையும் கூட்டிக்கொண்டு கிராம சேவகர் கந்தோருக்குப் போனேன். அவர் ஒரு சிங்களப் பெண், நன்றாகத் தமிழ் கதைப்பார்.

"முதலாளி, உங்கட பேர் என்ட லிஸ்ட்ல இல்லயே. எப்ப இருந்து இங்க இருக்கிறீங்க?"

"மிஸ், இந்தக் கந்தோர்ச் சுவர் என்ட கல்லு. இதுக்கு எத்தின வயசோ, அதுக்கும் முந்தி வந்தவன் நான்."

அவர் சுவரைத் தட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"சுவரப் பேத்து ஃபைலோட அனுப்ப ஏலாது முதலாளி. பக்கத்து வீட்டு ஆள் ஒருத்தரிட்ட சாட்சிக் கையெழுத்து வாங்கிட்டு வாங்க. இங்க பதியவும் வேணும். அப்ப அங்க வெட்டுவாங்க. ரெண்டு இடத்தில இருக்க ஏலாது."

பதிவுப் படிவத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்து மர வாங்கில் உட்கார்ந்தேன். மகள் பக்கத்தில் இருந்தாள்.

"ஏலாட்டி விடுங்க வாப்பா. அடுத்த வருஷம் பாப்பம்" என்றாள். குரல் மட்டும் சரியில்லை.

"அங்க வெட்டினா நான் ஆரு மகள்?"

"கல்லு முதலாளி. வேற ஆரு?"

என் கையெழுத்து அச்சில் இறக்கின கல் மாதிரி, ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாக நிற்கும். அன்று வழமையை விட நேரம் எடுத்தது. ஆனால் வைத்தேன்.

பின்னேரம் பக்கத்து வீட்டாரிடம் போனேன். பரம்பரைப் புத்தளத்துக்காரர். மன்னார் மீனா புத்தளம் மீனா ருசி என்று என்னோடு வருடக்கணக்காகச் சண்டை பிடிப்பவர்.

"மன்னார் மன்னார் எண்டு கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு நாநா. இப்ப நீங்க புத்தளத்து ஆள் எண்டு நானா சாட்சி சொல்லணும்?"

"சொல்ல ஏலுமா, ஏலாதா?"

"முதல்ல புத்தளம் மீன்தான் ருசி எண்டு சொல்லுங்க."

சொன்னேன். மகளுக்காக மனிதன் எதையும் சொல்லலாம்.

பிறகு அனுமதிக் கடிதம் வந்தது: பிரதான வளாகம், அவள் கேட்ட பாடநெறி. பதிவு நாளன்று மலைநாட்டு மழையில் தகப்பன்மார் எல்லாரும் பெட்டி சுமந்து வரிசையில் நின்றோம். முன்னால் நின்ற மட்டக்களப்புக்காரர் திரும்பி, "நீங்க எந்த ஊர்?" என்று கேட்டார். வாய் தன்பாட்டில் மன்னாருக்குத் திறந்தது. மகள் என்னைப் பார்த்தாள்.

"புத்தளம்" என்றேன். "ஆனா பொறந்தது…"

அதற்குள் வரிசை நகர்ந்துவிட்டது. பெட்டியைத் தூக்கினேன். போகிற வழியில் பதிவு நடந்த கட்டடத்துச் சுவரையும் ஒருமுறை தட்டிப் பார்த்தேன். கருங்கல். நல்ல வேலைதான். என் கல்லும் அதற்குக் குறைந்ததில்லை.