தேயிலைப் பெட்டி அலுமாரி

இலங்கையில், பூண்டுலோயாத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாக இருந்த ஒற்றை அறை வீடுகளில், எங்களுக்கு அடுத்த காம்பராவில் ஓர் அக்கா தனியாக இருந்தார். ஒல்லியான உடம்பு, கொழுந்துக் கறை ஏறிய விரல்கள். துணிமணி, சட்டி பானை எல்லாம் பழைய சேலைகளில் மூட்டையாகவே கிடக்கும். ஓர் அகப்பை வேண்டுமென்றாலும் மூட்டையை அவிழ்த்து எடுப்பார். கழுவியதும் திரும்பக் கட்டிவிடுவார்.

பார்க்கப் பொறுக்காமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் வீட்டில் இருப்பதுபோலவே பழைய தேயிலைப் பெட்டிகளைச் சுவரோரம் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, அலுமாரி மாதிரி எல்லாவற்றையும் அடுக்கிக் கொடுத்தேன். அவர் ஒவ்வொரு தட்டையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

மறுநாள் பெட்டிகள் காலியாக இருந்தன. மூட்டைகள் பழையபடி மூலையில் கிடந்தன.

"ஏன்க்கா, நல்லா இல்லையா?" என்று கேட்டேன்.

"நல்லாத்தான் இருக்கு புள்ள. அதான் பயமா இருக்கு. நம்மள மாதிரி தோட்டத்து ஆளுங்கள சர்க்காரு இந்தியாவுக்கு அனுப்பப் போகுதுன்னு பேசிக்கிறாங்க. இப்படி அடுக்கி வச்சிட்டா, இங்கேயே இருந்துடலாம்னு மனசு சொல்லுது."

கடைசியில் கப்பலேறும் முறை எங்களுக்குத்தான் முதலில் வந்தது. அடுக்கி வைத்த சாமான்களைக் கலைக்க எனக்குக் கை வரவில்லை. அந்த அக்காதான் வந்து ஒவ்வொன்றாக எடுத்து மூட்டை கட்டிக் கொடுத்தார்.

இந்தியாவுக்கு வந்து வெகுகாலம்வரை அந்த மூட்டைகளை நானும் அவிழ்த்து அடுக்கவில்லை.